சிரிப்பு வாயுவா, சொல்லிக் காட்டிச் செய்வதா?

பல் டாக்டரைப் பார்த்தாலே அலறும் குழந்தைக்கு என்ன வழி? ஒவ்வொன்றையும் சொல்லி, காட்டி, அப்புறம் செய்யலாம். சிரிப்பு வாயு கொடுக்கலாம். முழு மயக்கம் கொடுத்தும் செய்யலாம். ஆறு வயது மகளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை அடைக்க வேண்டியிருந்தபோது முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். நாங்கள் முதலாவதை எடுத்தோம். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

சிரிப்பு வாயுவைக் குறை சொல்ல அதிகம் இல்லை. நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் கலந்து மூக்கின் மேல் வைக்கும் மாஸ்க் வழியாகக் கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் உடல் தளரும், ஆனால் குழந்தை விழித்தேதான் இருக்கும். முடிவில் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இந்த வாயுவை முகர்ந்துவிட்டு, தன் பல்லையே இன்னொரு பல் மருத்துவரைக் கொண்டு பிடுங்கவைத்தார். அந்த அளவுக்குப் பழைய முறை. ஆனால் மாஸ்க் வைத்து மூக்கால் மூச்சு விட வேண்டும். சளி பிடித்திருந்தால் பலிக்காது. ரொம்பவும் பயந்த குழந்தை மாஸ்க்கையே தட்டிவிடும். மரத்துப்போக ஊசியும் பெரும்பாலும் தேவைப்படும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது அடுத்த தடவை பற்றிய கவலை. பால் பற்கள் இருபது. கடைசியாக விழுவது ஏறக்குறைய பன்னிரண்டு வயதில். ஒரு சொத்தை வந்த வாயில் இன்னொன்று வர வாய்ப்பு அதிகம், ஆகவே அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும். வாயு அன்றைய வேலையை முடித்துக் கொடுக்கும். நாற்காலியில் உட்காரும் தைரியம் அதோடு சேர்ந்து வரும் என்று சொல்ல முடியாது.

'சொல், காட்டு, செய்' என்ற இந்த முறையை 1959-இல் ஆடில்ஸ்டன் என்பவர் எழுதிவைத்தார். எங்கள் டாக்டர் முதல் நாள் பற்களை எண்ணியதோடு சரி. அடுத்த முறை கண்ணாடியைக் கையில் கொடுத்தார், காற்றுக் குழாயை உள்ளங்கையில் ஊதினார், சுழலும் கருவியின் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்க வைத்தார். "இடது கையைத் தூக்கினா உடனே நிறுத்திடுவேன்" என்றார். வேலை ஆரம்பித்ததும் அவள் கையைத் தூக்கினாள். வலி எதுவும் இல்லை, சோதித்துப் பார்த்தாள். அவர் நிறுத்தினார். மறுபடி தூக்கினாள், மறுபடி நிறுத்தினார். அதன்பிறகு கை மடியிலேயே இருந்தது. தன் வாயில் நடப்பதை நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த குழந்தைக்குப் பயம் பாதியாகக் குறைகிறது. இன்று பரிசோதனைக்கு அவளாகவே ஏறி உட்காருகிறாள்.

இதற்காக வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. ஈறில் மரப்பு ஜெல் தடவி, பிறகு ஊசி போட்டு, நன்றாக மரத்த பின்னரே வேலை. ஒருமுறை சுருக்கென்று வலித்தால் டாக்டர் சொன்ன அத்தனையும் பொய்யாகிவிடும். வீட்டிலும் "கொஞ்சம்கூட வலிக்காது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அடம் பிடிக்கும்போது "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டவே வேண்டாம்.

இந்த முறைக்கு நாள் பிடிக்கும். சொத்தை ஆழமில்லை என்றால் அதுவரை சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவி அது பரவாமல் நிறுத்தப் பார்க்கலாம். துளைக்க வேண்டாம், வலியும் இல்லை. சொத்தையான இடம் கறுத்துப்போகும், அவ்வளவுதான். கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழும் பிள்ளைக்கு இந்தப் பொறுமை ஒத்துவராது. அங்கே வாயுவோ மயக்கமோதான் கருணை.

முழு மயக்கத்தில் எங்களுக்கு அனுபவம் இல்லை. மிகச் சிறிய குழந்தைக்குப் பல பற்கள் ஒரேயடியாகக் கெட்டிருந்தாலோ, எந்த முறைக்கும் ஒத்துழைக்க முடியாத பிள்ளை என்றாலோ அதைப் பரிந்துரைக்கிறார்கள். முன்கூட்டியே பட்டினி இருக்க வேண்டும், மயக்க மருந்து நிபுணர் உடன் இருக்க வேண்டும்.

முதலாவதைத் தேர்ந்தால், நாள் குறிக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: "குழந்தை கை தூக்கினா நிறுத்துவீங்களா?" தயங்கினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.