மாசச் சாமான் எங்கே வாங்குவது? அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், ஆப்: சாமான் வாரியாக ஓர் ஒப்பீடு

கையில் காசு குறையும் மாதத்தில் முதலில் அடிபடுவது தெருமுனை மளிகைக் கடைதான். "இனிமேல் எல்லாமே சூப்பர் மார்க்கெட்டில், அங்கேதான் தள்ளுபடி" என்று வீட்டில் முடிவாகிவிடும். சின்னக் கடை பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களோ மொத்த லிஸ்டையும் அங்கேயே கொடுத்துப் பார்த்து, இரண்டாம் மாதமே துண்டு விழுந்து விட்டுவிடுகிறார்கள். லிஸ்டை இரண்டாகப் பிரித்தால் இந்த இரண்டுமே தேவைப்படாது. கடைக்காரருக்கு எந்தச் சாமானில் லாபம் நிற்கிறது, உங்களுக்கு எந்தச் சாமான் அங்கே மலிவு என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே சாமானாக இருக்கும். காய்கறி, டிபன், மிக்சி ரிப்பேருக்கும் இதே கணக்குதான்; அவை கடைசியில்.

பாக்கெட் சாமான்

சோப்பு, பேஸ்ட், துணி பவுடர், பிஸ்கட், டீத்தூள். இவற்றில் சின்னக் கடைக்குக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் பத்து சதவீதத்தை ஒட்டித்தான். அதே சாமானை லாரி கணக்கில் எடுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கம்பெனியே தனிச் சலுகை தருகிறது. அதனால் அச்சடித்த விலையில் பத்து, பதினைந்து சதவீதம் குறைத்தாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அண்ணாச்சி அந்த விலைக்குக் கொடுத்தால் கைக்காசு போகும். ஆகவே இந்தச் சாமான்களை மாதம் ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டில் வாங்குவதற்கு மனம் வருந்த வேண்டாம். உங்கள் சோப்பு போவதால் அண்ணாச்சிக்குப் பெரிய நட்டமில்லை. பருப்பும் புளியும் மிளகாயும் போவதில்தான் கடை ஆட்டம் காண்கிறது.

ஆனால் தள்ளுபடி அட்டையை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது. பாக்கெட்டுகளை இன்ன எடையில்தான் போட வேண்டும் என்ற பழைய கட்டாயம் போய்விட்டது. எண்ணெய் பாக்கெட்டில்தான் இது அதிகம் கண்ணில் படும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். பக்கத்திலேயே 870 கிராம் பாக்கெட்டும், அதைவிடக் குறைந்ததும், அதே உயரத்தில் அதே நிறத்தில் அடுக்கியிருப்பார்கள். 910 கிராம் 155 ரூபாய், 870 கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ரூபாய் மிச்சம் போலத் தெரியும். கணக்குப் போட்டால் முதலாவது 100 கிராம் 17.03 ரூபாய், இரண்டாவது 17.24 ரூபாய். ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பாக்கெட்டில் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்பதும் சரியல்ல. ஷாம்பு பல நேரம் பாட்டிலைவிட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயில்தான் மில்லிக்கு மலிவாக வரும். அதை அண்ணாச்சி கடையிலேயே சரமாக வாங்கலாம்.

உதிரிச் சாமான்

சின்னக் கடை ஜெயிக்கும் இடம் இது. மதுரைக் கீழமாசி வீதி, சேலம் செவ்வாய்பேட்டை, திருச்சி காந்தி மார்க்கெட், சென்னையில் கோயம்பேடு போன்ற மொத்தக் கடைகளிலிருந்து மூட்டையாக எடுத்து, பிரித்து எடை போட்டு விற்பதில் கவர் செலவு, விளம்பரச் செலவு கிடையாது. பாக்கெட் விலைக்குக் கீழே விற்றாலும் சோப்பில் கிடைப்பதைவிட அதிகமாக நிற்கும்.

வரியும் இதற்குத் துணை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. மூட்டையைப் பிரித்து எடை போட்டுத் தரும் உதிரிச் சாமானுக்கு அந்த வரி இல்லை. அரிசிக் கடைகளில் திடீரென்று 26 கிலோ சிப்பங்கள் முளைத்தது இதனால்தான். ஒரு கடையில் 25 கிலோ, இன்னொரு கடையில் 26 கிலோ என்று விலை கேட்டுவிட்டு மூட்டை விலைகளை அப்படியே ஒப்பிடுகிறார்கள். கிலோவுக்கு வகுத்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

துவரம் பருப்பு வாங்கும்போது முதல் தடவையே இரண்டு கிலோ வாங்க வேண்டாம். கால் கிலோ வாங்கி வேகவைத்துப் பாருங்கள். பழைய பருப்பு வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாகக் கேட்கும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்தது கேஸில் போய்விடும். நன்றாக வெந்தால் அதே மூட்டை தீர்வதற்குள் மாதத்துக்கு வேண்டியதை எடுத்துவிடலாம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது அதை முதலில் வாங்கிவிட்டு, போதாததற்கு மட்டும் கடைக்குப் போங்கள்.

புளியும் வற்றலும் மாசி, பங்குனியில் புதுச் சரக்காக இறங்கும். வருஷத்துக்கு வேண்டியதில் பாதியையாவது அப்போது வாங்கினால் ஐப்பசி விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொட்டைப் புளியின் விலை குறைவாக இருக்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு வரை கொட்டையாகவே போகலாம். கொட்டை எடுத்த புளியின் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே கிடைத்தால்தான் கொட்டைப் புளி லாபம். எடுக்கும் வேலை வேறு இருக்கிறது.

மசாலாத் தூளில் வித்தியாசம் இன்னும் பெரிது. குழம்புத் தூளை பாக்கெட்டில் வாங்காமல் மில்லில் அரைத்தால் அண்ணாச்சி, மில்காரர் என இரண்டு சின்னத் தொழில்களுக்குப் பணம் போகிறது. ஏறத்தாழ இரண்டு கிலோவுக்கு ஓர் அளவு: மல்லி 1 கிலோ, காய்ந்த மிளகாய் 500 கிராம், சீரகம் 100, கடலைப் பருப்பு 100, துவரம் பருப்பு 100, மிளகு 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 25 கிராம். மிளகாயும் மல்லியும் வெயிலில் காய வேண்டும்; கையில் எடுத்தால் மிளகாய் நொறுங்கணும். வெந்தயத்தையும் பருப்புகளையும் லேசாக வறுக்க வேண்டும். மஞ்சளைத் தட்டி உடைத்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் மெஷின் திணறும். மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். சீயக்காய்க்குப் பின்னால் போட்டால் தூள் முழுக்கக் கசக்கும்.

தூள் கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு. மில்லிலிருந்து சூடாக வந்ததை அப்படியே டப்பாவில் மூடினால் ஆவி வியர்த்துக் கட்டி பிடிக்கும், பிறகு பூஞ்சை. பேப்பரில் பரப்பி முழுக்க ஆறிய பிறகு சலித்து வையுங்கள்.

மரச்செக்கு எண்ணெய்க்கு ஒரு சோதனை உண்டு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோவை ஒட்டி ஓடு நீக்கிய நிலக்கடலை வேண்டும். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், இரண்டு கிலோ கடலையின் விலைக்கு நன்றாகக் கீழே ஒரு லிட்டர் கொடுக்கிறார்கள் என்றால் அது கலப்படம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாத வீட்டில் தாளிப்புக்கும் பொடிக்கும் மட்டும் செக்கு எண்ணெய் அரை லிட்டர், பொரிக்க ரேஷன் பாமாயில் என்று பிரிப்பது உண்டு.

எடை விஷயத்தில் கூச்சம் வேண்டாம். மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் அரசு முத்திரை போட வேண்டும். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாமானைப் போடச் சொல்லலாம். முன்கூட்டியே கட்டி வைத்த பொட்டலத்தை உங்கள் முன்னால் மறுபடி வைத்துக் காட்டச் சொல்வதிலும் தவறில்லை. நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பத்து நிமிட ஆப்

அவசரத்துக்கு நல்லது, மாதச் செலவுக்கு ஆகாது. 180 ரூபாய் சாமானுக்கு டெலிவரி, கையாளும் கட்டணம், குறைந்த தொகைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 40 ரூபாய் வந்தால், அது 22 சதவீதம் கூடுதல். அதைத் தவிர்க்க "இன்னும் 70 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்பதைப் பார்த்து, தேவையில்லாத சிப்ஸும் சாக்லெட்டும் கூடையில் ஏறும். ஆப்பில் வாங்குகிற வீடுகளில் பணம் கசிவது அந்த 70 ரூபாயில்தான்.

மாதக் கடைசியில் 50 கிராம் சீரகம், பத்து ரூபாய்க்குக் கடுகு, இரண்டு முட்டை என்று வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்க ஆப்பிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பெரும்பாலும் வழியில்லை. தெருமுனைக் கடையில் முடியும். காசு குறைந்த வீட்டுக்கு இந்தச் சில்லறை வசதி தள்ளுபடியைவிடப் பெரிய உதவி.

கணக்கு நோட்டு

சூப்பர் மார்க்கெட்டில் கடன் வேண்டுமென்றால் கடன் அட்டை. தவணை தவறினால் வட்டி மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் போகலாம். அண்ணாச்சியின் நோட்டுக்கு வட்டி கிடையாது. அதனாலேயே அதைக் கவனமாகக் கையாள வேண்டும். உங்கள் பாக்கி 3,000 ரூபாய் ஒரு மாதம் நின்றால், அந்தப் பணத்தில் அவர் சரக்கு எடுத்து மாதம் இரண்டு முறை சுழற்றியிருப்பார். பத்து சதவீத லாபம் என்றால் 600 ரூபாய் அவர் உங்களுக்காக இழந்தது. மொத்தக் கடைக்காரரோ ஒன்றிரண்டு வாரத்தில் பணம் கேட்டு நிற்பார்.

நோட்டு இரண்டு வேண்டும்: கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. வாங்கும்போதே இரண்டிலும் எழுதிவிட்டால் மாதக் கடைசியில் சண்டை வராது. சம்பளம் வந்த ஐந்து நாளுக்குள் தீர்க்க வேண்டும். முழுசாக முடியாவிட்டால் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி எந்தத் தேதி என்று சொல்லுங்கள். பாக்கி வைத்துவிட்டு வெட்கத்தில் வேறு கடைக்குப் போவதுதான் சின்னக் கடையை அதிகம் காயப்படுத்துவது. "அண்ணாச்சி, இந்த மாசம் ஆயிரம் வச்சுக்கோங்க, மீதியை இருபதாம் தேதி தந்துடுறேன்" என்றால் அவரும் மொத்தக் கடைக்கு அதற்கேற்பப் பதில் சொல்லிக்கொள்வார்.

பணத்தை யு.பி.ஐ.யில் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை. கடன் அட்டையைத் தேய்த்தால் ஏறத்தாழ இரண்டு சதவீதம் பிடிப்பார்கள். பத்து சதவீத லாபத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு.

உழவர் சந்தையும் தள்ளுவண்டியும்

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. மொத்த விலையைவிட 20 சதவீதம் கூட்டி, சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைத்து விலை வைப்பது அதன் நடைமுறை; அன்றைய விலை பலகையில் இருக்கும். விற்பவர் அடையாள அட்டை பெற்ற விவசாயி. ஒரு வாரத்துக்கு நிற்கும் கிழங்கு, கேரட், பூசணி, சின்ன வெங்காயம் எல்லாம் காலை எட்டு மணிக்குள் இங்கே வாங்கலாம். ஒன்பதுக்கு மேல் போனால் பொறுக்கிய மிச்சம்தான்.

பஸ் செலவு போட்டு கால் கிலோ தக்காளிக்குப் போவது வீண், அது தள்ளுவண்டிக்குரியது. கீரை, தக்காளி, கத்தரிக்காய் போன்ற மறுநாளே வாடுவதை அன்றன்றைக்குத் தேவையான அளவு வண்டியில் வாங்குங்கள். கூடவே கறிவேப்பிலையும் ஒரு கொத்து மல்லித்தழையும் கொசுறாக வரும். சூப்பர் மார்க்கெட்டில் அதற்கும் பில் உண்டு. தள்ளுபடிக்காகக் கட்டோடு வாங்கி ஃபிரிட்ஜில் அழுகும் காயின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் வண்டிக்காரரின் விலை கூடுதலாகத் தெரியாது.

டிபன் கடை

ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சின்ன மெஸ் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. நேரில் வாங்கினால் வரி இல்லை. அதே கடையிலிருந்து ஆப் வழியாக வாங்கினால் 2022 ஜனவரி 1 முதல் 5 சதவீதம் ஆப்பே வசூலிக்கிறது. ஆப் பிடிக்கும் கமிஷனை ஈடுகட்ட மெனுவிலும் விலை ஏறியிருக்கும், டெலிவரி தனி. வீட்டிலிருந்து ஒரு டிபன் பாக்ஸும் சாம்பாருக்கு ஒரு தூக்கும் கொண்டுபோய் வாங்கினால் பார்சல் காசும் மிச்சம்.

மிக்சி ரிப்பேர்

புதிது வாங்குமுன் எது கெட்டது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். அளவுக்கு மேல் போட்டு அரைத்ததால் தானாக நின்றிருக்கும், செலவே இல்லை. மோட்டார் சுற்றி, பிளேடு சுற்றாவிட்டால் மோட்டாரையும் ஜாடியையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. ஜாடிக்கு அடியில் தண்ணீர் கசிந்தால் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் போயிருக்கிறது. அதைத் தள்ளிப்போட்டால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிச் செலவு பல மடங்காகும். விட்டு விட்டு ஓடித் தீப்பொறி தெரிந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. கப்ளர், புஷ், பிரஷ் மூன்றுமே தெருமுனை ரிப்பேர் கடையில் புது ஜாடியின் விலையில் சிறு பங்குக்கு முடிகிற வேலை. போட்ட பிறகு ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, கடையிலேயே ஒரு நிமிடம் ஓட்டிக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.