சேசிஸ் துருவை மறைத்துத் தகடு அடித்துக் கொடுத்தார்கள்: பழைய 407 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன சித்திரையில் 62,000 ரூபாய் கொடுத்து சேசிஸ், அதாவது அடிச்சட்டம், வேலை பார்த்த வண்டி, ஐப்பசியில் திருமயம் தாண்டும்போது இடுப்பொடிந்து நின்றது. பின்னால் ஏற்றியிருந்தது திருச்சியில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய ஆத்தங்குடித் தரைக்கல். நல்லவேளை, ஓட்டியவர் எங்களிடம் பதினோரு வருடமாக இருப்பவர். வண்டியின் சத்தம் மாறினாலே இறங்கிப் பார்த்துவிடுவார். கேபினுக்கும் லோடு ஏற்றும் பாடிக்கும் நடுவே எப்போதும் நாலு விரல் இடைவெளி இருக்கும். அன்றைக்குக் கீழே நாலு விரல், மேலே இரண்டு விரல்தான் இருந்திருக்கிறது. ஓரங்கட்டி எனக்குப் போன் பண்ணினார்: "அண்ணே, வண்டி நடுவுல தொங்குது. நான் இதுக்கு மேல ஒரு அடி எடுக்க மாட்டேன்."

அவர் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

வண்டி 2007 மாடல் டாடா 407, சின்ன லாரி. காரைக்குடிப் பக்கம் இந்த வண்டி இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். ஆத்தங்குடிக் கல், புதுவயல் மில் அரிசி, பிரித்த வீட்டுத் தூணும் நிலைக்கதவும் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு என்று எல்லாவற்றுக்கும் இதுதான். நான் வாங்கும்போது ஆர்.சி.யில் டி.என். 65, அதாவது ராமநாதபுரம், முதல் ஓனர் தொண்டிக் கடற்கரைப் பக்கம். "என்ன லோடு ஓடுச்சு?" என்று கேட்டேன். "பலசரக்குதான்" என்றார் புரோக்கர். மழை நாளில் பாடிப் பலகையிலிருந்து கருவாட்டு வாசம் வரும். அதை நாங்கள் வருடக்கணக்காகச் சிரிப்பாகவே பேசிக்கொண்டிருந்தோம். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் எத்தனை வருடம் அந்த சேசிஸில் இறங்கியிருக்கும் என்று ஒருநாள்கூடக் கணக்குப் போடவில்லை.

துருவை முதலில் கவனித்தது டயர் மாற்றுபவர். பின் வில்பட்டையின் முன்பக்க பிராக்கெட் சேசிஸோடு சேரும் இடத்தில் ஸ்பேனரால் தற்செயலாகத் தட்டினார். பரோட்டா அடுக்கு மாதிரி ஒரு துண்டு கையோடு வந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது, காவி நிறத்தில். எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு, அடுத்த மாதம் போக வேண்டும். எட்டு வருடம் தாண்டிய வணிக வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டுமே. அவசரத்தில்தான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

பெயர் போடவில்லை. போட்டால் பேச்சு அவரைப் பற்றிப் போய்விடும், வேலையைப் பற்றி இருக்காது. அவர் செய்த மாதிரி செய்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் ஒரு வேலையா தம்பி? துருப்பிடிச்ச பாகத்தை வெட்டி எடுத்துட்டு, கனமான சேனல் வச்சு, ரிவிட் போட்டு, புதுசாட்டம் தர்றேன். எஃப்.சி.க்கும் நாங்களே கொண்டுபோய்க் காட்டிடுறோம்." ஒன்பது நாளில் தருவதாகச் சொன்னார். ஐந்தாம் நாள் போனால் வண்டி வெளியே நிற்கிறது, கீழே பளபளவென்று கறுப்பு பெயின்ட். வெட்டி எடுத்த பழைய துண்டு எங்கே என்று கேட்டேன். "எடைக்குப் போட்டாச்சு தம்பி." வேலை நடக்கும்போது போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தேனே? "போன் தண்ணில விழுந்துருச்சு." ஒன்பது நாள் வேலை ஐந்து நாளில் முடிந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்ட மடையன் நான். எஃப்.சி.யும் கிடைத்தது. அதையே வேலை ஒழுங்காக நடந்ததற்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

திருமயத்திலிருந்து லோடை வேறு வண்டிக்கு மாற்றி, இதைக் கட்டியிழுத்து வந்து, தெரிந்த வேறொரு மெக்கானிக்கிடம் விட்டோம். வயதானவர். ஒரு சின்ன சுத்தியலை எடுத்துக்கொண்டு சாக்கை விரித்துக் கீழே படுத்தார். என்னையும் படுக்கச் சொன்னார். "காதை வச்சுக் கேளப்பு." முன்பக்கம் தட்டினார், மணி அடித்த மாதிரி டிங் என்றது. அப்படியே தட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பெயின்ட் பளபளக்கும் இடம் வந்ததும் டொக். டொக். ஈரச் சுவரைத் தட்டுகிற சத்தம். கிரைண்டரை வைத்துப் பெயின்ட்டை எடுத்தார். கீழே பட்டிப் பூச்சு. பட்டியை எடுத்தால் தகடு. தகட்டின் ஓரத்தில் வெல்டிங்கை வெட்டி நெம்பினார். உள்ளே பழைய துரு அப்படியே இருந்தது. எதையும் வெட்டவில்லை, எதையும் மாற்றவில்லை. பொத்தலுக்கு மேல் தகட்டை வைத்து நாலு பக்கமும் வெல்டிங் இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெல்டிங் நேர்குத்தாக இறங்கிய கோட்டை ஒட்டி, சேனலின் கீழ் மடிப்பிலிருந்து விரிசல் கிளம்பி முக்கால் உயரம் ஏறியிருந்தது.

ஏன் அந்த இடத்தில் விரிசல் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அதுதான் எனக்கு உபயோகமாக இருந்தது. சேசிஸ் என்பது ஒரு ஏணி. நீளவாக்கில் இரண்டு சேனல், குறுக்கே கிராஸ் மெம்பர்கள். லோடு ஏறும்போது இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே சேனலின் மேல் மடிப்பு நசுங்கும், கீழ் மடிப்பு இழுபடும். பாரம் தாங்குவது பெரும்பாலும் அந்த மடிப்புகள்தான். அதனால்தான் மடிப்பில் ஓட்டை போடக் கூடாது, குறுக்கே வெல்டிங் இழுக்கக் கூடாது. நல்ல பட்டறையில் வலுவுக்குத் தகடு வைத்தாலும் அதன் முனைகளைச் சாய்வாக வெட்டித்தான் வைப்பார்கள். பாரம் ஒரே கோட்டில் போய் முட்டாமல் பரவ வேண்டும். என் வண்டியில் வைத்தது செங்கல் மாதிரி நாலு மூலையும் நேராக. துருப்பிடித்து மெலிந்த இரும்பு, பக்கத்தில் கனமான தகடு, நடுவில் வெல்டிங் சூடு பட்ட கோடு. அங்கே விடாமல் வேறு எங்கே விடும்?

இதில் ஒரு வேடிக்கை. இரும்பு ஏன் அரிக்கிறது என்பதை ஆராய்கிற சிக்ரி என்ற மத்திய ஆய்வு நிலையம் இருப்பதே எங்கள் காரைக்குடியில்தான். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டியது. கடல் உப்பு இரும்பை என்ன செய்கிறது என்று மண்டபத்தில் தனியாக ஆய்வு நிலையமே வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் எங்கள் தெருவில் இருக்கிறார், தினமும் காலையில் வணக்கம் சொல்கிறேன். எல்லாம் முடிந்த பிறகுதான் அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது: உப்பு ஊறிய துருவை முழுசாக எடுக்காமல் மேலே தகடோ பெயின்ட்டோ போட்டு மூடினால் துரு நிற்காது. உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் காயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. துரு இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும், அதனால் இரண்டு தகட்டுக்கு நடுவே துருப்பிடித்தால் தகட்டையே உப்பிப் பிளக்கும். "நீங்க 62,000 குடுத்து துருவுக்கு ஒரு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க" என்றார். அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை.

பட்டறைக்காரரிடம் போனேன், நெம்பியெடுத்த தகட்டையும் கொண்டுபோனேன். ஓவர்லோடு அடித்தேன் என்றார். லோடு சீட்டைக் காட்டினேன், இரண்டே டன். "அப்ப ரோடு சரியில்ல." பில் கேட்டால், அவர் முதலில் கொடுத்திருந்த துண்டுச் சீட்டில் "சேசிஸ் வேலை - 62,000" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. எத்தனை அடி சேனல், எத்தனை எம்.எம். கனம், எந்தப் பக்கம், ஒன்றும் கிடையாது. நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கடைசியில் 8,000 திருப்பித் தந்தார், அதுவும் வாசலில் நாலு பேர் கூடிய பிறகு.

சரி, வண்டியை என்ன செய்வது? ஒரு மாதம் இதே பேச்சு.

முழுசாக வேலை பார்ப்பது என்றால் பாடியை இறக்க வேண்டும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வைக்கிற மரக்கட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு அடியில்தான் மேல் மடிப்பு அரித்திருக்கும். இறக்காமல் யாராவது மதிப்பீடு சொன்னால் அது ஜோசியம். இறக்கிப் பார்த்த மெக்கானிக் இரண்டு பக்கமும் பின்பாதி மாற்ற வேண்டும், இரண்டு கிராஸ் மெம்பர் போய்விட்டது, ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்றார். "செய்யச் சொன்னா செய்வேன். ஆனா நான் உன் இடத்துல இருந்தா செய்ய மாட்டேன்" என்றும் சொன்னார். வேறு பழைய வண்டியின் சேசிஸை வாங்கி மாட்டலாம் என்று ஒருவர் ஐடியா கொடுத்தார். சேசிஸ் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது. ஆர்.சி.யில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்றால் நாளைக்கு இன்சூரன்ஸிலிருந்து போலீஸ் வரை பதில் சொல்லி மாளாது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்அனுமதி வாங்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

புரோக்கர் சொன்னது எளிய வழி. "இன்னொரு கோட் பெயின்ட் அடிங்கண்ணே, வெளியூர்ல தள்ளிவிட்டுறலாம், ரெண்டு ரூவா கேக்கலாம்." இரண்டு லட்சம். பொய் சொல்லவில்லை, ஒரு ராத்திரி அதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு இதை விற்ற தொண்டிக்காரரும் ஒரு ராத்திரி இப்படித்தான் நினைத்திருப்பார்.

பழைய இரும்புக் கடையில் 85,000 தருகிறேன் என்றார்கள், கையில் காசு, ஆனால் எந்தப் பேப்பரும் கிடையாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வண்டி துண்டு துண்டாகப் போய்விடும், ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். வரி ஏறும். அந்த நம்பரை வேறு எவனாவது மாட்டிக்கொண்டு ஓடினால் அபராதச் சீட்டு உங்கள் போனுக்கு வரும். வண்டி இனி ஓடாது என்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்துக்குத் தருவதாக முடிவு செய்திருக்கிறேன். அவர்கள் சொன்ன விலை 11,000 குறைவு. ஆனால் ஒப்படைத்ததற்குச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் பதிவுக் கட்டணம் கிடையாது. வணிக வண்டிக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தரவும் மத்திய விதியில் இடம் இருக்கிறது.

அதற்குள் இன்னொரு இழுபறி. எப்போதோ கட்டி முடித்த பைனான்ஸ், ஆர்.சி.யில் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது. கடன் முடிந்த அன்றே என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்கி நீக்கியிருக்க வேண்டியது, சோம்பேறித்தனம். இப்போது அதற்கு அலைகிறேன்.

வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கிறது, பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். எப்படியோ சேதி பரவி, வாங்குகிறோம் என்று இதுவரை மூன்று பேர் வந்தார்கள். திண்ணையில் சாக்கும் சுத்தியலும் இருக்கிறது. மூன்று பேரையும் கீழே படுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒருத்தர் மட்டும் சட்டை அழுக்காகிவிடும் என்றார். அவருக்கு நான் படுத்துத் தட்டிக் காட்டினேன்.