ஒரே பெயர், இரண்டு ஷில்லிங்: கென்யாவா, தான்சானியாவா?

கென்ய, தான்சானிய ஷில்லிங்குகளின் பழைய விகிதத்தைத் தேடுபவர்கள் சறுக்கும் இடம் 1985. அந்த வருடத்தின் அதிகாரபூர்வச் சராசரியில் டாலருக்குக் கென்யாவில் 16 சொச்சம், தான்சானியாவில் 17 சொச்சம். அதாவது ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. அந்த விலைக்குத் தான்சானியாவில் டாலர் கிடைக்கவே கிடைக்காது. கள்ளச்சந்தையில் அதன் விலை பல மடங்கு. அதைவிட வேடிக்கை, 1977 பிப்ரவரியில் தான்சானியா மூடிய எல்லை 1983 நவம்பரில்தான் திறந்தது. இடைப்பட்ட ஆறு வருடமும் எல்லை மூடிக்கிடந்த இரு நாடுகளுக்கிடையே ஒரு விகிதம் மட்டும் அச்சாகிக்கொண்டிருந்தது.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கென்யாவில் 1920 வரை புழங்கியது இந்திய ரூபாய். பிறகு கிழக்கு ஆப்பிரிக்க நாணய வாரியத்தின் ஷில்லிங் வந்தது, பவுண்டுக்கு 20. 1966இல் வாரியத்தின் இடத்தில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் தனித்தனி மத்திய வங்கி அமைத்துச் சொந்த நோட்டு அடித்தபோதும் டாலருக்கு 7.14 என்று ஒரே விலையில்தான் தொடங்கின. 1967இல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது மூன்றுமே அசையவில்லை. 1975இல் ஐ.எம்.எஃப்.பின் (சர்வதேச நாணய நிதியம்) எஸ்.டி.ஆர். என்ற, பல நாணயங்களின் கூட்டு மதிப்பில் அமைந்த கணக்கு அலகோடு சேர்ந்தே கட்டிக்கொண்டன.

பிரிவு வெளியே தெரிந்தது 1986இல். ஐ.எம்.எஃப். திட்டத்துக்குள் நுழைந்த தான்சானியா, அந்த ஒரே வருடத்தில் டாலரை, முந்தைய வருடக் கடைசியில் இருந்த 17க்குக் கீழிருந்து 50ஐத் தாண்டவிட்டது. கென்யாவோ வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 1993இல் ஒரே மூச்சில் விழுந்தது: 36இலிருந்து வருடக் கடைசியில் 68. அப்போது தான்சானியா 480 அருகே. ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் ஒன்றுக்கு ஏழாகியிருந்தது.

1993 முதல் இன்றுவரை ஒரே கோடாகப் பார்த்தால் கென்யாவே கெட்டி. 68 என்பது 129 ஆனது. 480 என்பது 2,400ஐத் தாண்டியது. ஆனால் 2015ஐத் தொடக்கமாக வைத்தால் படம் தலைகீழ். அந்த வருடக் கடைசியில் ஒரு கென்ய ஷில்லிங்குக்கு 21 தான்சானிய ஷில்லிங், 2023 கடைசியில் 16. தான்சானியா டாலருக்கு 2,300 சுற்றுவட்டாரத்திலேயே பல வருடம் நின்றது. கென்யாவில் 2024 ஜனவரியில் டாலர் 160. ஜூனில் முதிரவிருந்த 200 கோடி டாலர் யூரோ பாண்டை (வெளிநாட்டுச் சந்தையில் டாலரில் வாங்கிய கடன் பத்திரம்) கட்ட முடியுமா என்ற பயம்தான் காரணம். பிப்ரவரியில் புதுக் கடன் வாங்கிப் பழையதில் பெரும்பகுதியை முன்கூட்டியே திரும்ப வாங்கியதும் சில வாரங்களில் 130க்கு வந்தது. 16இல் இருந்த விகிதம் அதே வருட நடுவில் 20ஐத் தாண்டியது. தான்சானியாவில் பெரிய நல்லது எதுவும் நடக்காமலேயே கென்ய ஷில்லிங்குக்கு எதிரான அதன் நாணய மதிப்பு ஏறி, பெரிய கெட்டது எதுவும் நடக்காமலேயே இறங்கியிருக்கிறது.

ஆகவே இந்த ஜோடிக்குத் தனி விலை கிடையாது; இரண்டு டாலர் விலைகளின் வகுத்தல்தான். வரைபடம் போடுபவர்கள் வருட சராசரியை வருடக் கடைசி விலையோடு கலக்கக்கூடாது. 1986, 1993, 2024இல் அது விடையையே மாற்றிவிடும். கென்ய மத்திய வங்கி டாலரை ‘எத்தனை கென்ய ஷில்லிங்’ என்றும், தான்சானிய ஷில்லிங்கை ‘ஒரு கென்ய ஷில்லிங்குக்கு எத்தனை’ என்றும் அச்சிடுவதால், திசை மாறிப்போவதும் சகஜம்.

கையில் காசோடு நமங்கா எல்லையைக் கடப்பவருக்கு இதே வகுத்தல் வேறு விதமாகக் கடிக்கும். உதாரணத்துக்கு, நைரோபியில் டாலர் வாங்க 131, விற்க 128; எல்லைக்கு அப்பால் டாலர் விற்க 2,600, வாங்க 2,660 என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 கென்ய ஷில்லிங் டாலர் வழியாகப் போனால் சுமார் 19.85 லட்சம் தான்சானிய ஷில்லிங், அதாவது 19.85 விகிதம். நடுவிலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் வைத்துக் கணக்கிட்டால் வருவது, 20.31; நஷ்டம் 2.3 சதவீதம். செலவழிக்காமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் கையில் 95,500தான். நேரடியாக மாற்ற 19.2 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நஷ்டம் 5.5 சதவீதம். சிறு தொகைக்கு அதைச் சகித்துக்கொள்ளலாம், பெரிய தொகைக்கு டாலர் வழிதான் மேல். ஆனால் 100 டாலர் நோட்டாக, புதிய அச்சாக இருக்கட்டும். சிறு நோட்டுக்கும் பழைய நோட்டுக்கும் தான்சானியாவில் விலை குறையும். கைப்பேசிப் பணச் சேவையான எம்-பெசாவில் 2015 முதலே எல்லை தாண்டி அனுப்பலாம். அங்கே கட்டணத்தை மட்டும் பார்க்காமல், காட்டும் விகிதத்தையும் நடுவிலையோடு ஒப்பிட வேண்டும்.

நோட்டை எண்ணும்போது கென்யாவின் பழைய 1,000 நோட்டு 2019 செப்டம்பரோடு செல்லாமல் போனது நினைவிருக்கட்டும். தான்சானியாவிலும் 2003 வரையிலான பழைய வரிசை நோட்டுகளை மாற்றும் கெடு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது. டாலரிலேயே கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்: 2025 மார்ச் முதல் தான்சானியாவுக்குள் பொருளுக்கும் சேவைக்கும் அந்நிய நாணயத்தில் விலை சொல்லத் தடை.