ரூட் பண்ணாம போன்ல லினக்ஸ் டெஸ்க்டாப்: டெர்மக்ஸ் எக்ஸ்11 எப்படி இருக்கு?

டெர்மக்ஸ்ங்கிறது ஆண்ட்ராய்டு போன்ல ரூட் (போனோட முழு அட்மின் அனுமதி) இல்லாமலே லினக்ஸ் கமாண்டுகள ஓட்டுற ஆப், அதுல ஓடுற லினக்ஸ் டெஸ்க்டாப்ப ஸ்கிரீன்ல காட்டுறதுதான் டெர்மக்ஸ் எக்ஸ்11. ரெண்டு மாசமா யூஸ் பண்றேன், ஓசியில கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ் ஆப்தான். முன்னாடி விஎன்சி (ஸ்கிரீன நெட்வொர்க் வழியா அனுப்பி காட்டுற முறை) வச்சு ஓட்டிட்டு இருந்தேன், மவுஸ நகர்த்தினா அது வந்து சேர்றதுக்குள்ள டீ ஆறிடும், இதுல அந்த இழுவை இல்ல. ஏன்னா இது ஆண்ட்ராய்டு ஆப்பாவே ஓடுற எக்ஸ் சர்வர் (லினக்ஸ் விண்டோக்கள ஸ்கிரீன்ல காட்டுற ப்ரோக்ராம்), படத்த சுருக்கி நெட்வொர்க் வழியா அனுப்பாம நேரா ஸ்கிரீன்லயே வரையுது.

இன்ஸ்டால் பண்றப்ப ஒண்ணு கவனிங்க, ஏபிகே (ஆப்போட இன்ஸ்டால் ஃபைல்) மட்டும் போட்டா பத்தாது, டெர்மக்ஸ் உள்ளயும் துணை பேக்கேஜ் போடணும், நான் அத விட்டுட்டு ஒரு சாயங்காலம் பூரா கறுப்பு ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன் (தப்பு என்னோடதுதான்). ப்ரூட்ல (ரூட் இல்லாமலே டெர்மக்ஸ் உள்ள வேற லினக்ஸ ஓட்டுற டூல்) டெபியன்ங்கிற லினக்ஸ ஓட்டுறவங்க டெம்ப் ஃபோல்டர ஷேர் பண்ற ஆப்ஷனோட லாகின் பண்ணுங்க, ப்ரோக்ராம்கள் எக்ஸ் சர்வரோட பேசுற சாக்கெட் ஃபைல் அங்கதான் இருக்கு, இல்லன்னா டிஸ்ப்ளேவ திறக்க முடியலன்னு எரர் வரும். ப்ரூட் சிஸ்டம் கால்கள (ப்ரோக்ராம் கெர்னல்கிட்ட கேக்குற வேலைகள) பிடிச்சு மாத்தி விடுறதால கொஞ்சம் ஸ்லோதான், அதுக்கு எக்ஸ் சர்வர குத்தம் சொல்லாதீங்க. எக்ஸ்எஃப்சிஇங்கிற லைட்டான டெஸ்க்டாப்ப டெர்மக்ஸ்லயே நேரா போட்டா நல்லாவே ஓடுது.

பெரிய தலைவலி ஆண்ட்ராய்டு 12ல இருந்து வந்த 32 ப்ராசஸ் லிமிட், அதாவது ஆப்கள் பின்னாடி ஓட்டுற துணை ப்ராசஸ் 32ஐ தாண்டினா ஆண்ட்ராய்டே மூடிடும். டெஸ்க்டாப்போட பிரவுசரும் திறந்தா சிக்னல் 9னு சொல்லி மொத்தமா சாத்திடும், ஏடிபியில (போனுக்கு கமாண்ட் குடுக்கிற டெவலப்பர் டூல்) போய் லிமிட்ட மாத்தணும், 14ல டெவலப்பர் ஆப்ஷன்லயே ஒரு சுவிட்ச் இருக்கு.

தொட்டு தொட்டு வேலை பாக்குறது கொடுமைங்க, ப்ளூடூத் கீபோர்டும் மவுஸும் வாங்கிட்டு ஆரம்பிங்க. 5க்கு 4 குடுப்பேன்.