கேம் பேரிங்: சாதா புஷ்ஷா, நீடில் ரோலரா?

செவர்லே ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினுக்குப் பவர் ஏற்றுகிறவர்கள் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைத் தாங்கும் வளையங்களான கேம் பேரிங்கை மட்டும் "அஞ்சு புஷ்தானே" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 1955-ல் வந்த இந்த இன்ஜினில் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குக்குப் போகும் ஆயில், கேம் புஷ்ஷின் முதுகுப் பக்கக் காடியைச் சுற்றித்தான் இறங்குகிறது. புஷ் நகர்ந்தால் சேதம் கேமோடு நிற்காது.

சாதா பாபிட் புஷ், எஃகு ஓட்டின் உள்பக்கம் மெத்தென்ற ஈயக் கலவை பூசியது. ஆயிலில் பொடி வந்தால் தனக்குள் புதைத்துக்கொள்ளும், ஜர்னல் (கேம் தண்டில் புஷ்ஷுக்குள் சுற்றும் பகுதி) தப்பிக்கும். இரும்பு பிளாக்கில் இதைப் பிடித்து வைப்பது வெறும் பிரஸ் ஃபிட் இறுக்கம்தான், அதாவது துளையைவிடப் புஷ் பெரிதாக இருக்கும் அளவு, சுமார் 0.05 மி.மீ. ஐந்து துளைகளும் ஒரே அளவில்லை: முன்பக்க 1-ம் நம்பர் பெரியது, 2-ம் 5-ம் நடுத்தரம், 3-ம் 4-ம் சிறியவை. மாற்றி அடித்தால் ஒன்று ஏறாது, இன்னொன்று நிற்காது.

அடிக்கும் டூல் கொஞ்சம் சாய்ந்தாலும் துளையின் விளிம்பு புஷ்ஷின் முதுகைச் சீவிவிடும். அந்தச் சுருள் பின்னால் மாட்டி, உள்ளே ஒரு மேடு எழும்பும். கேமை விட்டுக் கையால் சுற்றிப் பார்த்து எடுத்தால், அந்த இடம் மட்டும் பளபளவென்று தெரியும். ஆயில் ஓட்டையை, முன்னாலிருந்து பார்க்கும்போது 2 மணி திசையில் வையுங்கள். வால்வ் ஸ்பிரிங் கேமைக் கீழே அழுத்துகிறது. கேம் வலப்பக்கமாகச் சுற்றுவதால் சுமைக்கு முன்பே ஆயில் படலம் விழுந்துவிடும்.

கோட்டிங் போட்ட புஷ்ஷும் இதே சாதிதான். ஸ்டார்ட் பண்ணும் முதல் சில நொடிகளுக்குக் கூடுதல் காப்பு, அவ்வளவே.

நீடில் ரோலர், அதாவது ஊசி மாதிரி மெல்லிய உருளைகள் வைத்த பேரிங், வேறு கணக்கு. பிளாக்கின் துளைகளைப் பெரிதாகக் குடையவேண்டும். ஜர்னல் கடினப்படுத்திய எஃகாக இருக்கவேண்டும், வார்ப்பிரும்புக் கேமை நீடில் தின்றுவிடும். ஆயில் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் என்பதால், ஸ்பிரிங் சுமை தாறுமாறாக ஏறும் டிராக் இன்ஜினுக்குச் சரி. தெருவில் ஓடும் வண்டிக்கு எனக்கு இது வீண் செலவு. சாதா புஷ்ஷும் ஓட்டத்தில் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. உராய்வில் மிச்சமாவது சொற்பம். ஒரு நீடில் உடைந்தால் அது போய்ச் சேரும் இடத்தையும் யோசிக்கவேண்டும்.

அலுமினிய பிளாக் என்றால் எதைப் போட்டாலும் பிடிமானம்தான் தலைவலி. அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இருமடங்கு விரியும். 51 மி.மீ. துளையில் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.045 மி.மீ. இறுக்கம் கழன்றுவிடும், இரும்பில் வைக்கும் இறுக்கம் மொத்தமே அவ்வளவுதான். அதனால் இறுக்கத்தைக் கூட்டி, ரிடெய்னிங் காம்பவுண்டும் (உறைந்து பிடித்துக்கொள்ளும் பசை) தடவவேண்டும். ஸ்குரூ அடித்துப் பிடிக்கிறேன் என்று போனால் புஷ்ஷின் வட்டமே கெடும். காம்பவுண்டுக்கு முன் இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைக்கவேண்டும். அப்புறம் கொஞ்சமாகத்தான் தடவவேண்டும். வழிந்தால் ஆயில் காடியில்தான் உறையும். அடித்து முடித்த கையோடு ஒவ்வொரு ஆயில் ஓட்டையிலும் கம்பி விட்டுப் பாருங்கள், காய்ந்தபிறகு அல்ல.