குளோமிஃபீன், லெட்ரோசோல், ஊசி: ரெண்டாவது பிள்ளைக்காக எனக்கு எழுதிக் கொடுத்த மூணு மருந்து

திருப்பாதிரிப்புலியூர்ல சின்னதா ஒரு தையல் கடை வச்சிருக்கேன். வயசு 34. மகள் ஒண்ணாவது படிக்கிறா. அவ தங்கினப்ப நான் எந்த மருந்தும் சாப்பிடல. இன்னொண்ணு வேணும்னு மூணு வருஷமா பார்க்கிறோம், ஒண்ணும் நிக்கல. எனக்கு முட்டைப்பையில நீர்க்கட்டி (PCOS) உண்டு. பீரியட்ஸ் 45 நாளைக்கு ஒருக்கா வரும், சமயத்துல ரெண்டு மாசம்கூட ஆகிடும். இந்த ஒண்ணரை வருஷத்துல ரெண்டு மாத்திரை சாப்பிட்டுப் பார்த்துட்டேன், ஒரு ஊசியை இப்போதைக்கு வேணாம்னு சொல்லியிருக்கேன். மருந்துக்கடையில என் பக்கத்துலயே இதே மாதிரி சீட்டை மடிச்சு உள்ளங்கையில வச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணுங்களைப் பார்க்கிறேன். கேக்கணும்னு அவங்களுக்கும் இருக்கும், சொல்லணும்னு எனக்கும் இருக்கும். நாலு பேர் நிக்கிற இடத்துல எப்படிப் பேசறது? அதான் எழுதறேன். நான் டாக்டர் இல்ல. என் உடம்புல நடந்ததும், டாக்டரம்மா சொல்லி எனக்கு விளங்கினதும் மட்டும்தான் இதுல இருக்கு.

முதல்ல குளோமிஃபீன், கரு முட்டை வளர வைக்கிற மாத்திரை. கடலூர்லயே ஒரு கிளினிக், பேர் வேணாம். போன அன்னைக்கே "முதல் பிள்ளை இருக்கே, பெருசா ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லி, 50 மில்லிகிராம் மாத்திரை, பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள்லேருந்து அஞ்சு நாள், மூணு மாசத்துக்கும் சேர்த்து எழுதிக் குடுத்துட்டாங்க. ஸ்கேன் எடுக்கல. தைராய்டு பார்க்கல. என் வீட்டுக்காரரை வரச் சொல்லவே இல்ல. அந்த ஒரு வார்த்தை, "முதல் பிள்ளை இருக்கே"ங்கிறது, எங்களுக்கு எத்தனை மாசத்தை வீணாக்குச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

மாத்திரை விலை அதிகமில்ல, ஒரு மாசத்துக்கு 100 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு. உடம்புதான் படுத்துச்சு. திடீர்னு கழுத்துலேருந்து உச்சி வரைக்கும் அனல் ஏறும். மெஷினை ஃபேனுக்கு நேரா இழுத்துப் போட்டுக்கிட்டுத் தைச்சேன். காரணமே இல்லாம அழுகை வரும். அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். ரெண்டாவது மாசம், நாலாவது மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலையில, பட்டு ஜாக்கெட் ஒண்ணுக்குக் கொக்கி தைக்க ஊசியில நூல் கோக்கிறேன், கண் ஓரத்துல மின்னல் மாதிரி வெளிச்சம் அடிக்குது. ஊசிக் காது ரெண்டா தெரியுது. பதினாறு வயசுலேருந்து நூல் கோத்த கை எனக்கு. உடனே கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். எடுத்த பொண்ணு, "சூடு அக்கா, எளநி குடிங்க"ன்னு வச்சுட்டா.

அது சூடு இல்ல. குளோமிஃபீனால பார்வை மங்கறதும் வெளிச்சம் மின்னறதும் சில பேருக்கு வரும்னு மருந்துக் காகிதத்துலயே இருக்கு. வந்தா மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும். நான் அன்னைக்கே நிறுத்திட்டு, தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். என்ன மாத்திரை சாப்பிட்டேன், எத்தனை நாள்னு பொறுமையாக் கேட்டாங்க. சில நாள்ல தானா சரியாயிடுச்சு. கண்ணை வச்சுப் பிழைக்கிறவங்க இதை மட்டும் மறந்துடாதீங்க.

அப்புறம் நாத்தனார் சொல்லித்தான் புதுச்சேரியில ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினா ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம்னு ஒரு மணி நேரம் ஆகும். போக வர அரை நாள் போயிடும், கடைக்கு வருமானம் இல்ல. ஆனாலும் அங்கேதான் மொத தடவையா ஒருத்தர் உக்கார வச்சு விளக்கினாங்க.

அவங்க சொன்னது இதுதான். கரு முட்டை வளரணும்னா மூளையிலேருந்து ஒரு ஹார்மோன் வரணும். அது அதிகமா வரணும்னா உடம்புல ஈஸ்ட்ரோஜன் கம்மியா இருக்குன்னு மூளைக்குத் தோணணும். குளோமிஃபீன் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டற இடத்தை அடைச்சுக்கும். மூளையில அடைச்சா நல்லது, முட்டை வளரும். கர்ப்பப்பை உள்சவ்வுலயும் அடைச்சுக்குது, அதனால சில பேருக்கு அந்தச் சவ்வு தடிக்காமப் போயிடும். உடம்பை விட்டுப் போகவும் நாளாகும். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் உருவாகறதையே அஞ்சு நாளைக்குக் குறைக்குது. மாத்திரையை நிறுத்தினதும் சீக்கிரம் உடம்பை விட்டுப் போயிடும், சவ்வைக் கெடுக்கறதில்ல. முட்டையும் பெரும்பாலும் ஒண்ணுதான் வளரும். குளோமிஃபீன்ல ரெட்டைப் பிள்ளைக்கு வாய்ப்பு அதைவிடக் கொஞ்சம் கூட. முதல் பிரசவம் ஆபரேஷன்ங்கிறதால, வயித்துல பழைய தையல் இருக்கிற எனக்கு ஒண்ணு ஒண்ணா வர்றதுதான் நல்லதுன்னு சொன்னாங்க.

ஆனா லெட்ரோசோலை உடனே எழுதல. அதுக்காகவே அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். முதல்ல தைராய்டு, சர்க்கரை பார்த்தாங்க. அடுத்த பீரியட்ஸ் முடிஞ்சதும் கருக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு டியூப் டெஸ்ட். மருந்தை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுப்பாங்க, பீரியட்ஸ் வலி மாதிரி பத்து நிமிஷம் சுருட்டிப் பிடிச்சுது, அவ்வளவுதான். ரெண்டு குழாயும் திறந்திருந்துச்சு. அதோட, "அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"ன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன்.

என் வீட்டுக்காரர் சிப்காட்ல ஒரு கம்பெனியில பாய்லர் ஆபரேட்டர். அத்தைகிட்ட டெஸ்ட்னு சொன்னதும், "அவனுக்கு என்னடி குறை? அதான் சிங்கக்குட்டி மாதிரி ஒரு பொண்ணு இருக்காளே"ன்னு சட்டுனு கேட்டாங்க. அவர் ஒரு வாரம் பேசவே இல்ல. ஒரு ராத்திரி, மகள் தூங்கினப்புறம், "எத்தனை நாள் விலகி இருக்கணும்னு சொன்னாங்க?"ன்னு அவரே கேட்டார். ரெண்டு நாளுக்குக் குறையாம, ஏழு நாளுக்கு மேல போகாம. அன்னைக்கு அவர் மேல எனக்கு வந்த மரியாதை எங்க கல்யாண நாள்லகூட வரல.

ரிசல்ட்ல விந்தணு ஒரு மில்லிக்கு 90 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்ட கணக்குப்படி 1 கோடியே 60 லட்சமாவது இருக்கணும். நீந்தற வேகமும் கம்மி. பாய்லர் சூடு, சிகரெட்டு, ரெண்டுமே காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. புதுசா விந்தணு உருவாகி வெளியே வரக் கிட்டத்தட்ட ரெண்டரை மாசம் ஆகுமாம். அதனால சிகரெட்டை விட்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொன்னாங்க. விட்டுட்டார். சூப்பர்வைசர்கிட்டப் பேசி வேற பிரிவுக்கும் மாறிக்கிட்டார். மூணு மாசத்துல 1 கோடியே 80 லட்சம் ஆச்சு. இதை நான் எழுதலாமான்னு அவரைக் கேட்டேன். "எழுது, இன்னொருத்தன் போய் எடுத்துக்கட்டும்"னார்.

முதல் பிள்ளை ஏழு வருஷத்துக்கு முன்னாடி உருவானது. அதுக்கப்புறம் ஆம்பளை உடம்பும் மாறும், பொம்பளை உடம்பும் மாறும். அது தெரிஞ்சிருந்தா நான் குளோமிஃபீனைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இப்ப லெட்ரோசோல். 2.5 மில்லிகிராம், ரெண்டாம் நாள்லேருந்து அஞ்சு நாள். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கார்டு டெஸ்ட் போட்டு கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும், கர்ப்பத்துல இதைச் சாப்பிடவே கூடாது. மஞ்சக்குப்பத்துல மருந்துக்கடை அண்ணன் சீட்டைப் பார்த்துட்டு, "யாருக்கும்மா?"ன்னு மெதுவாக் கேட்டார். அட்டைக்குள்ள இருந்த காகிதத்துல மார்பகப் புற்றுநோய்னு போட்டிருக்கு. கை நடுங்கிப் போச்சு. பஸ்ல ஏறாம அங்கேயே நின்னு டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

அந்த மருந்து மொதல்ல அந்த நோய்க்காக வந்ததுதான். நம்ம நாட்டுல 2011 அக்டோபர்ல, குழந்தை இல்லாதவங்களுக்கு இதைக் குடுக்கக் கூடாதுன்னு தடையே போட்டாங்க. 2017ல அந்தத் தடையை எடுத்துட்டாங்க. நடுவுல 2014ல அமெரிக்காவுல நீர்க்கட்டி இருக்கிற 750 பெண்களுக்கு ரெண்டு மருந்தையும் பிரிச்சுக் குடுத்து, அஞ்சு மாசம் வரைக்கும் பார்த்த ஆராய்ச்சி வெளியாச்சு. லெட்ரோசோல் சாப்பிட்டவங்கள்ல 100க்கு 27.5 பேருக்குப் பிள்ளை பிறந்திருக்கு, குளோமிஃபீன்ல 19.1 பேருக்கு. 2023ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்லயும் நீர்க்கட்டி இருந்தா முதல்ல லெட்ரோசோல்தான்னு இருக்கு. இதையெல்லாம் டாக்டரம்மா சொல்லிட்டு, "27னா மீதி 73 பேருக்கு இல்லைன்னும் அர்த்தம்மா, மனசைத் தயாரா வச்சுக்கோ"ன்னாங்க. பயத்தைப் போக்கினதோட உண்மையையும் மறைக்காமச் சொன்னாங்களே, அது பெரிய விஷயம்.

எனக்கு ரெண்டு நாள் தலைவலி, கொஞ்சம் அசதி. கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அனலும் இல்ல. அஞ்சு மாத்திரைக்கு 200 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு. மாத்திரையைவிட ஸ்கேன்தான் செலவு. முட்டை வளருதான்னு பார்க்கிற ஸ்கேன், மாசத்துக்கு மூணு தடவை, ஒவ்வொண்ணுக்கும் 600 ரூபாய், பஸ் காசு தனி. ஆனா அந்த ஸ்கேன் இல்லாம இந்த மாத்திரையைச் சாப்பிடறது, அளவெடுக்காம ஜாக்கெட் வெட்டற மாதிரி. 11ஆம் நாள் முட்டை 14 மில்லிமீட்டர், 13ஆம் நாள் 18, சவ்வு 8. குளோமிஃபீன் மாசங்கள்ல என் சவ்வு எவ்வளவு இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது.

ஸ்கேன் சென்டர் சுத்தமா இருக்கு, பொண்ணுதான் எடுக்கறாங்க. ஆனா ஒன்பது மணிக்கு வரச் சொல்லிட்டுப் பதினொண்ணரைக்குக் கூப்பிடறாங்க. மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு ஓடி வர்றவளுக்கு அந்த ரெண்டரை மணி நேரம் பெரிய கணக்கு. செவுத்துல, கருவுல இருக்கிறது ஆணா பெண்ணான்னு சொல்றது சட்டப்படி குற்றம்னு பலகை. அதைப் படிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். "அடுத்தது பையனா இருக்கட்டும்"னு வாழ்த்தறவங்க எல்லாருக்கும் அந்தப் பலகையைக் காட்டணும்போல இருக்கும். எங்களுக்கு எதுவா இருந்தாலும் சரி.

முட்டை 18 வந்ததும், அது வெடிக்கிறதுக்கு ஒரு ஊசி போட்டாங்க. போட்டதுலேருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்துல முட்டை வெளியே வரும். இதுலதான் எனக்குப் பெரிய அடி. ஊசி போட்ட எட்டாம் நாள் பொறுக்க முடியாம கார்டு டெஸ்ட் போட்டேன். ரெண்டு கோடு. விடியக்காலை அஞ்சு மணி. அவரை எழுப்பினேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அத்தை பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்துட்டாங்க. மூணு நாள் கழிச்சு கோடு மங்குச்சு. அப்புறம் காணோம். அப்புறம் பீரியட்ஸ்.

அந்த ஊசியே கர்ப்ப ஹார்மோன்தான். பத்து, பதினாலு நாள் வரைக்கும் உடம்புல இருக்கும். முன்னாடியே கார்டு போட்டா ஊசியைத்தான் காட்டும், பிள்ளையை இல்ல. போட்டு விட்ட நர்ஸ் இதை ஒரு வரி சொல்லியிருந்தா அந்த மூணு நாள் எங்க வீட்டுல வந்திருக்காது. டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். அவங்க மன்னிப்புக் கேட்டுட்டு, இப்ப ஊசிச் சீட்டுலயே "16 நாள் கழிச்சு மட்டும் டெஸ்ட்"னு எழுதிக் குடுக்கறாங்க.

மெட்ஃபார்மினும் கூடவே சாப்பிடறேன், 500 மில்லிகிராம். சர்க்கரைக்குக் குடுக்கிற மாத்திரைதான், நீர்க்கட்டிக்கும் குடுப்பாங்க. முதல் ரெண்டு வாரம் வயித்தைக் கலக்குச்சு. சாப்பாட்டு நடுவுல போட்டுக்கிட்டா தாங்குது.

மூணாவது வழி, தினம் போடற ஹார்மோன் ஊசி. இதைச் சொன்னது வேற ஒரு இடம், அத்தை கேட்டுக்கிட்டதுக்காக ஒரு தடவை போனோம். அரை மணி நேரத்துல, இந்த மாசமே ஆரம்பிக்கலாம், மருந்துக்கு மட்டும் 12,000 ஆகும்னு சொன்னாங்க. எங்களுக்கு அது அவரோட பாதிச் சம்பளம். காசுகூட அடுத்த விஷயம். நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு அந்த ஊசியில ஒரே நேரத்துல நிறைய முட்டை வளர்ந்து, முட்டைப்பை வீங்கி, வயித்துல தண்ணி சேர்ற ஆபத்து அதிகம். ரெட்டை, மூணு பிள்ளை தங்கவும் வாய்ப்பு அதிகம். மாத்திரையில முட்டையே வளராதவங்களுக்கு அது தேவைப்படும், அவங்களை நான் தடுக்கல. எனக்கு மாத்திரையிலயே முட்டை வளருது. வீட்டுல ஆறு வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுத்துக்க என்னால முடியாது. அத்தைக்கு வருத்தம்தான். திருக்கருகாவூர் போய் நெய் வாங்கிட்டு வந்து குடுத்திருக்காங்க, ராத்திரி ஒரு சொட்டு எடுத்துக்கிறேன். டாக்டரம்மாவும் தப்பில்லைன்னுட்டாங்க.

முதல் மாசம் நான் லெட்ரோசோல் போட்டப்ப அவரோட ரிசல்ட் இன்னும் முழுசா ஏறல. ரெண்டாவது மாசம்தான் அந்த ரெண்டு கோடு. இது மூணாவது மாசம். நேத்து ராத்திரி முதல் மாத்திரை போட்டாச்சு. 11ஆம் நாள் ஸ்கேன், அன்னைக்கு மகளுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், அவரே லீவு போட்டுப் பார்த்துக்கிறேன்னுட்டார். முடிவு எதுவா இருந்தாலும், ஊசி போட்டு 16 நாள் கழிச்சு டெஸ்ட் பார்த்துட்டு எழுதறேன்.