எக்ஸ்வி6-ஆ, லினக்ஸ் கெர்னலா?

கடலூரிலிருந்து தினமும் காலாப்பட்டுக்குப் பஸ்ஸில் படிக்கப் போகும் தம்பி கேட்டான்: "அண்ணா, ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்கு எதன் சோர்ஸ் கோட் (மூல நிரல்) படிக்கட்டும், எக்ஸ்வி6-ஆ, லினக்ஸ் கெர்னலா?" கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி; எக்ஸ்வி6 பாடம் நடத்தவே எழுதிய சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம். இரண்டுமே இலவசம், அதனால் செலவை விட்டுவிடலாம்.

அளவு
எக்ஸ்வி6: சுமார் பத்தாயிரம் வரி. ஒரு செமஸ்டர் பஸ் பயணத்தில் முடித்துவிடலாம்.
லினக்ஸ்: இரண்டு கோடி வரிக்கு மேல். முழுசாகப் படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை!

லேப்டாப்
எக்ஸ்வி6: கியூஎமுவில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்கும் மென்பொருள்) ஓடும், பழைய மெஷினே போதும்.
லினக்ஸ்: அதே மெஷினில் கம்பைல் ஆக (கோட் ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற) மணிக்கணக்காகும்.

புரிதல்
எனக்கு இதுதான் முக்கியம். எக்ஸ்வி6, 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2006-இல் எழுதப்பட்டது. அதன் ஷெட்யூலர், அதாவது அடுத்து எது ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் பகுதி, ப்ராசஸ் (ஓடும் புரோகிராம்) பட்டியலை வரிசையாகச் சுற்றி, தயாராக இருப்பதை ஓடவிடும். அவ்வளவுதான், ஒரே பக்கம். லினக்ஸிலோ சிவப்பு-கறுப்பு மரம் (தகவலை வரிசைப்படுத்தி வைக்கும் ஒரு டேட்டா ஸ்ட்ரக்சர்) தெரியாமல் ஷெட்யூலருக்குள் நுழைந்தால் தலை சுற்றும்.

ஆனால் எக்ஸ்வி6-ஐ வைத்து நிஜ வேலை எதுவும் ஓட்ட முடியாது.

முதல் தடவை படிப்பவருக்கு எக்ஸ்வி6. சொந்தமாக ஒரு 'சிஸ்டம் கால்' (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) சேர்த்துப் பார்க்கட்டும். இறுதியாண்டு புராஜெக்ட், கெர்னல் வேலை என்றால் லினக்ஸ். அப்போதும் ஒரு சின்ன மாட்யூலில் (கெர்னலோடு தனியாகச் சேர்க்கக்கூடிய துண்டு) இருந்துதான் தொடங்க வேண்டும்.